ஸ்டெல்த் கேம்ல கார்டு (காவல்காரன்) பார்த்துட்டே இருக்கானா? லெவலைக் குறைக்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் செக் பண்ணுங்க

வாரத்துக்கு ரெண்டு போனாவது வந்துடும். ஒண்ணு எங்க சித்தி பையன், இன்னொண்ணு ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர். விஷயம் எப்பவும் ஒண்ணுதான், ஒளிஞ்சு ஒளிஞ்சு ஆடுற ஸ்டெல்த் வீடியோ கேம்: "ஹார்ட்ல வெச்சு ஆரம்பிச்சேன், நகரவே முடியல, ஈசிக்கு இறக்கிடவா?" நானும் ஆரம்பத்துல இறக்கிக்கோன்னு சொல்லிட்டு போனை வெச்சிடுவேன், ரெண்டு நாள் கழிச்சு அதே ஆள் "இப்போ போர் அடிக்குது"ன்னு வருவார். அதனால இப்போ கேக்குற முதல் கேள்வியே வேற, எப்படி மாட்டுறீங்க? பார்த்து மாட்டுறீங்களா, சத்தம் கேட்டு மாட்டுறீங்களா, இல்ல மாட்டவே இல்ல ஆனா மிஷன் முடியலையா? அதைச் சொன்னா பாதி நேரம் லெவலைத் தொடவே வேண்டியிருக்காது.

ஸ்டெல்த் கேம்ல டிஃபிகல்டின்னு மெனுவுல ஒரே ஒரு வரி இருக்கும், ஆனா அதைத் திருப்பினா கார்டோட கண்ணு, காது, உங்க ரத்தம், சேவ் எத்தனைன்னு நாலஞ்சு விஷயம் சேர்ந்து திரும்பும். உங்களுக்கு அதுல ஒண்ணுதான் பிரச்சினை. கீழ உங்க அறிகுறி எதுன்னு பார்த்து அங்க மட்டும் படிங்க, காசு செலவு இல்லாததை முதல்லயும் செலவு வைக்கிறதைக் கடைசியிலயும் போட்டிருக்கேன்.

## அறிகுறி: தெருக்கோடியில நின்னாலும் பார்த்துடுறான்

முதல்ல டிவி பிரைட்னஸ். சிரிக்காதீங்க, நான் பார்த்த கேஸ்ல பாதி இதுதான். இருட்டா இருக்கு ஒண்ணும் தெரியலன்னு காமாவை (கேமோட வெளிச்ச அளவு) கடைசி வரைக்கும் ஏத்தி வெச்சிருப்பாங்க, அப்புறம் எது நிழல் எது வெளிச்சம்னு அவங்களுக்கே தெரியாது. நீங்க டிவியில என்ன பண்ணாலும் கேம் உள்ள போடுற வெளிச்சக் கணக்கு மாறாது. செட்டிங்ஸ்ல அந்த லோகோவைக் காட்டி "லேசா தெரியுற அளவுக்கு வைங்க"ன்னு கேப்பான் பாருங்க, அதை ஒழுங்கா செய்ங்க, டிவியில டைனமிக் கான்ட்ராஸ்ட் (டிவியே வெளிச்சத்தை ஏத்தி இறக்குறது) மாதிரி ஏதாவது ஓடினா அதையும் ஆஃப் பண்ணுங்க.

அடுத்தது, நீங்க விளையாடுற கேம்ல நிழலுக்கு எவ்ளோ மதிப்புன்னு பாருங்க.

நிழலை நம்புற கேமா இருந்தா (1998-ல வந்த பழைய தீஃப், ஸ்ப்ளின்டர் செல் மாதிரி): திரைக்குக் கீழ இருக்குற மீட்டரைப் பாருங்க, சுத்தி இருக்குற இருட்டை நம்பாதீங்க. தீஃப்ல அந்த லைட் ஜெம் (உங்க மேல எவ்ளோ வெளிச்சம் விழுதுன்னு காட்டுற கல்லு) முழுசா கறுத்திருந்தா கார்டு கிட்டத்தட்ட உரசிட்டுப் போனாலும் தப்பிக்கலாம். கறுக்கலையா, கையில வாள் இருக்கான்னு பாருங்க. உருவின வாளோட நின்னா ஜெம் வெளிச்சம் காட்டும், பல பேர் பயத்துல வாளை உருவிட்டே நிழல்ல போய் ஒளிவாங்க, பயமே காட்டிக் கொடுத்துடும். பக்கத்துல தீப்பந்தம் இருந்தா தண்ணி அம்பு விட்டு அணைச்சிடுங்க, அதுக்குத்தான் குடுத்திருக்கான், கடைசி மிஷனுக்குன்னு சேர்த்து வைக்காதீங்க.

நிழலை அவ்ளோவா மதிக்காத கேமா இருந்தா (2012 டிஸ்ஆனர்ட் இதுக்குச் சரியான உதாரணம்): இதுலதான் தீஃப் பழகினவங்க எல்லாம் மொத்தமா மாட்டுறாங்க. டிஸ்ஆனர்ட்ல இருட்டு தூரத்துல இருக்கும்போது மட்டும்தான் கொஞ்சம் உதவும், கிட்ட வந்துட்டா இருட்டு கிருட்டெல்லாம் கிடையாது, நடுவுல ஒரு சுவரோ பெட்டியோ மேஜையோ இருக்கணும். மூலையில நிழல்ல குந்தி இருந்தேன் பார்த்துட்டான்னு வந்தா, லெவலை ஈசிக்கு இறக்கினாலும் அடுத்த மூலையில அதேதான் நடக்கும். மேல ஏறுங்க. அலமாரி மேல, விளக்குக் கம்பி மேல, பைப் மேல. தலைக்கு மேல இருக்குறதை கார்டு ரொம்பப் பார்க்க மாட்டான்.

இதையெல்லாம் பண்ணியும் பார்க்குறானா? அப்போ நிஜமாவே லெவல்தான் காரணமா இருக்கலாம், டிஸ்ஆனர்ட்ல வெரி ஹார்ட் போனா கார்டோட கவனம் கூடும், அடியும் பலமா விழும். அசாசின்ஸ் கிரீட் ஷாடோஸ்ல ஸ்டெல்த்தை எக்ஸ்பர்ட்ல வெச்சா கூரை மேல நிக்கிறவனையும் கீழ இருந்து பார்த்துடுவாங்க, அதுக்கு முன்னாடி வந்த பார்ட்டெல்லாம் ஆடினவங்க கூரைன்னா சேஃப்னு பழகி இருப்பாங்க, இங்க அந்தப் பழக்கம் ஆள முழுங்கிடும். இதுக்கு மொத்த லெவலையும் குறைக்க வேணாம். இந்த கேம்ல சண்டைக்கு ஒரு லெவல், ஸ்டெல்த்துக்கு ஒரு லெவல்னு தனித்தனியா இருக்கு, ஸ்டெல்த்தை மட்டும் ஒரு படி இறக்குங்க. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-லயும் (2020) பிளேயர், எதிரி, கூட்டாளி, ஸ்டெல்த், பொருள்னு அஞ்சா பிரிச்சு வெச்சிருக்கான், அதுலயும் அப்படியே. டிஸ்ஆனர்ட் 2-க்கு 2017-ல வந்த அப்டேட்ல கஸ்டம் டிஃபிகல்டின்னு இருபதுக்கு மேல ஸ்லைடர் குடுத்தான், கார்டோட பார்வையைத் தனியா தொடலாம், மத்ததை அப்படியே விட்டுடலாம்.

## அறிகுறி: கண்ணுல படவே இல்ல, ஆனா நேரா என்னை நோக்கி வர்றான்

இது காது கேஸ். வரிசையா பாருங்க.

தரை. தீஃப்ல டைல்ஸ், இரும்புத் தகடு மேல நடந்தா ஊரே எழுந்துக்கும், கம்பளம், புல்லு மேல நடந்தா சத்தமே வராது. டைல்ஸ்ல போயே ஆகணும்னா பாசி அம்பு விட்டு மெத்தை போட்டுக்கலாம். ஸ்ப்ளின்டர் செல் கேயாஸ் தியரியில (2005) இதுக்குன்னே ஒரு மீட்டர் உண்டு, சுத்துப்புற சத்தம் எவ்ளோன்னு ஒரு குறி, உங்க சத்தம் எவ்ளோன்னு ஒரு கோடு, கோடு குறியைத் தாண்டாம இருந்தா நீங்க இல்லவே இல்லைன்னு அர்த்தம். ஜெனரேட்டர் ஓடுற ரூம்ல தைரியமா வேகமா போகலாம், அமைதியான லைப்ரரியில அதே வேகத்துல போனா செத்தீங்க. அதை நிறைய பேர் திரும்பியே பார்க்குறதில்ல.

கீபோர்டா? அப்போ கவனிங்க. கன்ட்ரோலர்ல ஸ்டிக்கை லேசாத் தள்ளினா மெதுவா நடப்பான், கீபோர்டுல அமுக்கினா முழு வேகம்தான், பாதி அமுக்குறதுன்னு ஒண்ணு இல்ல. பிசியில ஸ்ப்ளின்டர் செல் ஆடுறவங்க நடை வேகத்தை மவுஸ் வீல்ல குறைக்கணும், இது தெரியாம "எக்ஸ்பர்ட்ல காது ரொம்ப கூர்மை"ன்னு புலம்பினவங்க எனக்குத் தெரிஞ்சு நாலு பேர். மத்த கேம்னா கன்ட்ரோல்ஸ் மெனுவுல மெதுவா நடக்க எந்த பட்டன்னு ஒருமுறை பாருங்க.

மைக். இது ஏலியன்: ஐசோலேஷன் (2014) ஆடுறவங்களுக்கு மட்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன்ல கினெக்ட் (மைக் உள்ள கேமரா), பிஎஸ்4-ல கேமரா மாட்டி இருந்தா, நாய்ஸ் டிடெக்ஷன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது ஆன்ல இருந்தா உங்க வீட்டு ஹால்ல வர்ற சத்தம் கேமுக்குள்ள இருக்குற ஏலியனுக்கும் கேக்கும். விளையாட்டுக்குச் சொல்லல, நிஜமாவே அப்படித்தான் செஞ்சிருக்கான். சித்தி பையன் லாக்கருக்குள்ள மூச்சைப் பிடிச்சிட்டு ஒளிஞ்சிருக்கான், சமையல் ரூம்ல குக்கர் மூணு விசில், முடிஞ்சுது கதை. மூணு நாள் ஹார்ட் மோடைத் திட்டிட்டிருந்தான். ஆப்ஷன்ல போய் ஆஃப் பண்ணினதும் சரியாச்சு (சித்தி மேல போட்ட பழிக்கு இன்னும் மன்னிப்பு கேக்கல).

கடைசியா ஸ்டிக் டிரிஃப்ட், அதாவது கன்ட்ரோலர் ஸ்டிக் தொடாமலே தானா நகர்றது. கையை எடுத்துட்டு ஒரு நிமிஷம் சும்மா பாருங்க. கேரக்டர் தானா நகருதா, கேமரா தானா திரும்புதா? ஆமான்னா நீங்க நின்னதா நினைக்கிற நேரத்துல எல்லாம் அவன் காலைத் தேய்ச்சிட்டிருக்கான். டெட்ஸோன் செட்டிங் (ஸ்டிக் எவ்ளோ அசைஞ்சா கேம் கண்டுக்காம விடும்ங்கிற அளவு) இருந்தா கொஞ்சம் ஏத்துங்க, பிசியில ஸ்டீம் மூலமாவும் ஏத்தலாம். ஸ்டிக்கைச் சுத்தி இருக்குற தூசியை ஊதி எடுங்க. ஆனா டெட்ஸோனை ரொம்ப ஏத்தினா மெதுவா நடக்குறதே போயிடும், ஸ்டிக் எடுத்தவுடனே ஓட்டம்தான், அந்த நிலைமைக்கு வந்துட்டா செட்டிங்ஸோட விளையாடுறதை நிறுத்திட்டு ரிப்பேர் கடைக்குக் கொண்டு போங்க. கழட்டி நீங்களே பண்ணலாம்னு வீடியோ பார்த்துட்டு இறங்காதீங்க, ஸ்டிக் மாட்யூல் போர்டுல பற்ற வெச்சிருக்கும், சால்டரிங் பழக்கம் இல்லாதவங்க கையில போர்டே போயிடும். என் கையில ஒண்ணு போயிருக்கு.

## அறிகுறி: ஹிட்மேன்ல வேஷம் போட்டும் பிடிக்கிறாங்க

இங்க கேக்க வேண்டிய கேள்வி, எல்லாரும் சந்தேகப்படுறாங்களா இல்ல சில பேர் மட்டுமா.

சில பேர் மட்டும்: தலைக்கு மேல வெள்ளைப் புள்ளி இருக்கான்னு பாருங்க. அவங்கதான் என்ஃபோர்சர், அந்த டிரெஸ் போட்ட எல்லாரோட முகமும் தெரிஞ்சவங்க. சமையல்காரன் வேஷத்துல போனா தலைமை சமையல்காரன் கண்டுபிடிப்பான்ல, அதான். அவங்களுக்கு முதுகு காட்டிப் போங்க, இல்லைன்னா பிளெண்ட் பண்ற, அதாவது வேலை செய்ற மாதிரி கலந்துக்கிற இடத்துல (பாத்திரம் கழுவுறது, தரை துடைக்கிறது) நின்னுக்கோங்க, அதுவும் இல்லைன்னா வேற வேஷம். டிஃபிகல்டி ஏற ஏற இந்தப் புள்ளிக்காரங்க எண்ணிக்கையும் ஏறும்.

எல்லாருமே: முதுகுல துப்பாக்கி தொங்குதா? வெயிட்டர் வேஷத்துல ரைஃபிள் மாட்டிட்டு நடந்தா எந்த லெவல்லயும் பிடிப்பாங்க. அது இல்லைன்னா அந்த இடத்துக்கு அந்த வேஷம் செல்லாது, திரையில கீழ அத்துமீறல்னு காட்டும், படிக்காம ஓடுறோம் நாம. அதுவும் இல்லைன்னா ஏற்கெனவே ஒருத்தன் உங்களைப் பார்த்துத் தகவல் சொல்லிட்டான், வேஷம் வெளுத்துப்போச்சு, மாத்துங்க.

ஹிட்மேன் 2-ல இருந்து (2018) கேஷுவல், புரொஃபஷனல், மாஸ்டர்னு மூணு. மாஸ்டர்ல வந்து மாட்டுறவங்களுக்கு மூணு விஷயம் சொல்லிடுறேன். கேமரா கூடுதலா இருக்கும். ரத்தம் வர்ற மாதிரி கொன்னா அந்த ஆளோட டிரெஸ் வீணாயிடும், போட்டுக்க முடியாது, அதனால டிரெஸ் வேணும்னா கழுத்தை நெரிக்கிறதோ மயக்குறதோதான். அப்புறம் ஒரு மிஷனுக்கு ஒரே ஒரு சேவ். இந்த ஒத்தை சேவ்தான் உண்மையான டிஃபிகல்டி, மத்ததெல்லாம் பழகிடும். அதை எப்போ போடணும்னு என்கிட்ட கேட்டா, முதல் டார்கெட்டை முடிச்சு, உடம்பை மறைச்சு, வெளிய வந்து, யாரும் துரத்தலன்னு உறுதியானதுக்கு அப்புறம். பயத்துல மிஷன் ஆரம்பத்துலயே போட்டுட்டு உட்காராதீங்க. மேப்பை புரொஃபஷனல்ல நாலஞ்சு தடவை முடிச்சு யார் எப்போ எங்க நடக்குறாங்கன்னு மனப்பாடம் ஆகாம மாஸ்டரைத் தொடவே வேணாம்.

எல்லாம் சரியாதான் பண்ணேன், சைலன்ட் அசாசின் (யாருக்கும் தெரியாம முடிச்சா கிடைக்கிற ரேட்டிங்) கிடைக்கல: கேமராவுல பதிவாகி இருப்பீங்க, செக்யூரிட்டி ரூம்ல ரெக்கார்டரை உடைச்சாலோ டேப்பை அழிச்சாலோ போதும். அது இல்லைன்னா உடம்பை யாரோ பார்த்துட்டாங்க, மயக்கம் போட்டவனைப் பார்த்தாலும் அதுவும் உடம்புதான். விஷம், விபத்து ரெண்டுல செத்த டார்கெட்டை மட்டும் யார் பார்த்தாலும் கணக்குல சேராது, அதனாலதான் சரவிளக்கு விழறதுக்கு இவ்ளோ மவுசு.

நடுவுல சர்வர் கட் ஆனா ஸ்கோரும் மாஸ்டரியும் ஏறாது, ஆன்லைன்ல போட்ட சேவ் ஃபைலை ஆஃப்லைன்ல திறக்கவும் முடியாது. கேமை மூடித் திறக்குறதுக்கு முன்னாடி நெட் வந்துச்சான்னு பாருங்க. அடிக்கடி நடந்தா ரூட்டர் பக்கம் பாருங்க, வைஃபையை விட்டு கேபிள் போடுங்க.

## அறிகுறி: முதல்ல ஈசியா இருந்துச்சு, போகப் போக எல்லாரும் ஹெல்மெட்டோட வர்றாங்க

மெட்டல் கியர் சாலிட் 5 பேண்டம் பெயின் (2015). மெனு மெனுவா தேடாதீங்க, இதுல டிஃபிகல்டி செலக்ட் பண்ற இடமே இல்ல. நீங்க எப்படி ஆடுறீங்களோ அதைப் பார்த்து எதிரி மாறுவான். மயக்க ஊசியைத் தலையிலயே சுட்டுட்டு இருந்தீங்களா, ஹெல்மெட் வரும். ராத்திரியிலயே போனீங்களா, நைட் விஷன் கண்ணாடி வரும். கேஸ் குண்டு போட்டா மாஸ்க். ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்டினா கூட்டம் கண்டுபிடிச்சிடும்ல, அதுதான் இங்க நடக்குது.

என்ன பண்ணலாம்? செலவில்லாதது: வழக்கத்தை மாத்துங்க, ராத்திரி ஆளா இருந்தா ரெண்டு மிஷன் பகல்ல போங்க, தலையில சுடுறதை விட்டுட்டுக் கிட்டப் போய் கழுத்தைப் பிடிங்க, கொஞ்ச நாள்ல அந்த வகை சாமான் குறையும். ஹெல்மெட் போட்டவனுக்கும் முகம் திறந்துதான் இருக்கு, நேரா வர வெச்சு முகத்துல சுடுங்க. அடுத்தது, காம்பேட் டிப்ளாய்மென்ட்ல (உங்க வீரர்களைத் தனி வேலைக்கு அனுப்புற மெனு) ஆளை அனுப்பி ஹெல்மெட் சப்ளையையே நாசம் பண்றது. இது ஆட்டத்துல கொஞ்ச தூரம் போனதுக்கு அப்புறம்தான் திறக்கும், ஆள் போய் வர நேரம் ஆகும், நிரந்தரமும் கிடையாது, ஆனாலும் நான் படுக்கப் போறதுக்கு முன்னாடி அனுப்பி வெச்சிடுறது. முகாம்ல ரேடியோ கருவியை உடைச்சா ஹெட்குவார்ட்டர்ஸுக்குத் தகவல் போகாது, அதையும் பழகுங்க.

ஒரேடியா முடியலைன்னா, திரும்பத் திரும்பத் தோத்தவங்களுக்குக் கோழித் தொப்பி ஒண்ணு போட்டுக்கிறியான்னு கேப்பான். போட்டா சில தடவை பார்த்தாலும் கண்டுக்காம விடுவாங்க. எஸ் ரேங்க் (இருக்குறதுலயே மேல் ரேங்க்) கிடைக்காது, தலையில கோழி இருக்கும், அந்த மானக்கேட்டைத் தாங்க முடியும்னா தாராளமா போடுங்க. நான் போட்டிருக்கேன்.

## அறிகுறி: நான் யாரையும் கொல்லவே இல்ல, ஆனா கணக்குல கொலை வருது

டிஸ்ஆனர்ட்ல அழுதுட்டு வர்ற கேஸ் இது. முதல் பார்ட்ல மிஷன் முடிஞ்ச அப்புறம்தான் கணக்கு காட்டுவான், ரெண்டு மணி நேரம் கஷ்டப்பட்டு ஆடிட்டு கடைசியில "கொலை: 1". எவன்டா அந்த ஒருத்தன்னு தூக்கமே வராது.

பெரும்பாலும் எலி. மயக்கம் போட்ட ஆளைத் தெருவுல தரையில விட்டுட்டுப் போயிருப்பீங்க, எலிக்கூட்டம் வந்து தின்னுட்டுப் போயிடும், பாவம் உங்க கணக்குல. குப்பைத் தொட்டி மேலயோ மேஜை மேலயோ பால்கனியிலயோ தூக்கிப் போடுங்க. அடுத்தது தண்ணி, மயக்கம் போட்டவன் கால்வாய்ல விழுந்தா மூழ்கிடுவான், தீஃப்லயும் இதே கதைதான். அடுத்தது உயரம், மாடிப்படி விளிம்புல வெச்சு மயக்கினா உருண்டு விழுந்து செத்துடுவான், தோள்ல இருந்து இறக்கும்போது விளிம்பைப் பாருங்க, தூக்கி எறியாதீங்க.

இதுக்கு லெவல் குறைச்சு எந்தப் பிரயோஜனமும் இல்ல, ஈசியிலயும் எலி எலிதான். சேவ் ஃபைலை ஒவ்வொரு பெரிய இடத்துக்கும் தனி ஸ்லாட்ல வெச்சிருந்தா பின்னாடி போய் எங்க நடந்துச்சுன்னு தேடலாம். ஒரே ஸ்லாட்ல க்விக்சேவ் மேல க்விக்சேவ் போட்டிருந்தா மிஷனை முதல்ல இருந்துதான் ஆடணும், வேற வழி எனக்குத் தெரியல.

## அறிகுறி: எல்லாம் முடிச்சாச்சு, மிஷன் முடிய மாட்டேங்குது

பழைய தீஃப். அந்தக் காலத்து ஆளுங்க லெவல் ஏத்தினா உங்களுக்கு வேலையையே கூட்டினாங்க. முதல் மிஷன்லயே பாருங்க, பிரபு வீட்டுச் செங்கோலைத் திருடப் போறீங்க, ஹார்ட் போனா இவ்ளோ கொள்ளைப் பணம் சேர்க்கணும், எக்ஸ்பர்ட் போனா அது இன்னும் கூடும், ஆளையும் கொல்லக் கூடாதுன்னு வரும். அப்ஜெக்டிவ் பக்கத்தைத் திறந்து டிக் அடிக்காத வரியைப் படிங்க, பத்துல எட்டு பேருக்குக் கொள்ளைப் பணம்தான் பாக்கி இருக்கும், மெழுகுவர்த்தி ஸ்டாண்டு, கோப்பை, அலமாரிக்குள்ள நாணயம்னு விட்டிருப்பீங்க.

நல்ல விஷயம், ஒவ்வொரு மிஷனுக்கும் முன்னாடி லெவலைத் தனியா எடுக்கலாம், இந்த ஒண்ணை மட்டும் நார்மல்ல முடிச்சிட்டு அடுத்ததுல மறுபடி எக்ஸ்பர்ட் போகலாம். கேமே இப்போதைய விண்டோஸ்ல திணறுதுன்னா லெவல் மேல பழி போடாதீங்க, 2012-ல வெளிய வந்த நியூடார்க் பேட்ச் (பழைய தீஃபைப் புது கம்ப்யூட்டர்ல ஓட வைக்கிற திருத்தம்) போட்டுட்டு அப்புறம் பேசுங்க.

## அறிகுறி: பின்னாடி போய் குத்தினேன், சாகாம திரும்பி அடிக்கிறான்

அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ் காலத்துல இருந்து இது. உங்க பலத்தைவிட அவன் பலம் கூடன்னா ஒரே குத்துல சாக மாட்டான். வல்ஹாலாவுலயும் ஷாடோஸ்லயும் கேம்ப்ளே செட்டிங்ஸ்ல "கேரண்டீட் அசாசினேஷன்"னு இருக்கு, ஆன் பண்ணுங்க, அவ்ளோதான். இதை ஏமாத்துன்னு சொல்றவங்க இருக்காங்க. மறைஞ்சு வாழ்ற கொலைகாரன் கதையில பின்னாடி இருந்து குத்தினா சாகாததுதான் எனக்கு ஏமாத்தா தெரியுது.

## அறிகுறி: ஒரே இடத்துல இருபது தடவை செத்துட்டேன்

சேவ் எந்த நிலைமையில போட்டீங்க? கார்டு ஏற்கெனவே தேட ஆரம்பிச்ச நேரத்துல க்விக்சேவ் அமுக்கிட்டா, லோட் பண்ற ஒவ்வொரு தடவையும் அவன் தேடிட்டேதான் இருப்பான், நீங்க ஆடுறது அந்த இடத்தை இல்ல, அந்தக் கெட்ட சேவ் ஃபைலை. ஒண்ணு பின்னாடி சேவுக்குப் போங்க, இல்ல லோட் ஆனதும் எதுவும் பண்ணாம ஓடி ஒளிஞ்சு ரெண்டு நிமிஷம் காத்திருங்க. ஏலியன் ஐசோலேஷன்ல சேவ் பண்ற மெஷின் கிட்ட போனா, எதிரி பக்கத்துல இருந்தா எச்சரிக்கை வரும், அதை மதிங்க. அந்த கேம்ல லெவலை நடுவுலயே இறக்கலாம், முழுக்க ஹார்ட்ல முடிக்கணும்ங்கிற டிராஃபி மட்டும் போயிடும். நைட்மேர்ல ஆடினா மோஷன் டிராக்கரே உடைஞ்சு போனதாத்தான் இருக்கும், ரிப்பேர் தேடாதீங்க, டிசைனே அப்படி.

பாஸ் ஃபைட்டா? 2011 டியூஸ் எக்ஸ் ஹியூமன் ரெவல்யூஷன்னா தப்பு உங்க மேல இல்ல. கேம் முழுக்க ஒளிஞ்சு ஆட விட்டுட்டு பாஸ் ரூம்ல கொண்டு போய்த் துப்பாக்கிச் சண்டைக்கு நிறுத்தினான். 2013-ல வந்த டைரக்டர்ஸ் கட்ல ஹேக் பண்ணியும் வேற வழியிலயும் பாஸை முடிக்க இடம் குடுத்தான், அந்த வெர்ஷனை ஆடுங்க. பழைய வெர்ஷன்தான் கையில இருக்குன்னா பாஸுக்கு மட்டும் லெவலைக் குறைங்க, வெட்கமே வேணாம்.

மெட்டல் கியர் சாலிட் 3-ல யூரோப்பியன் எக்ஸ்ட்ரீம்னு எடுத்துட்டு "பார்த்த உடனே கேம் ஓவர் ஆகுது, பக்"னு சொன்னா அது பக் இல்ல, அந்த மோடே அதான்.

## அறிகுறி: ரொம்ப ஈசி, போர் அடிக்குது

எடுத்த எடுப்புல லெவலை ஏத்தாதீங்க. முதல்ல சுவருக்கு அந்தப் பக்கம் காட்டுற கண்ணாடியைக் கழட்டுங்க. ஹிட்மேன்ல இன்ஸ்டிங்ட், டிஸ்ஆனர்ட்ல டார்க் விஷன், எதிரி எங்கன்னு சுவர் தாண்டித் தெரிஞ்சா அப்புறம் என்ன ஒளியறது. ஒரு மிஷன் அந்த பட்டனைத் தொடாம ஆடிப் பாருங்க, நார்மலே வேர்க்க வைக்கும். டிஸ்ஆனர்ட்ல அப்ஜெக்டிவ் மார்க்கரை ஆஃப் பண்ணுங்க, ஹிட்மேன்ல மிஷன் ஸ்டோரி வழிகாட்டலை ஆஃப் பண்ணுங்க. மெட்டல் கியர் 5-ல ரிஃப்ளெக்ஸ் மோடு, அதாவது பார்த்ததும் நேரம் மெதுவாகுறது, அதையும் ஆஃப் பண்ணலாம், அந்த ஒரு ஸ்விட்சு மொத்த கேமையும் மாத்திடும்.

அதுக்கப்புறமும் போதலைன்னா லெவல் ஏத்துங்க, நல்ல கேமெல்லாம் மேல் லெவல்ல கார்டைப் பலசாலி ஆக்குறதைவிட உங்ககிட்ட இருக்குற தகவலைப் பிடுங்கும். ஸ்ப்ளின்டர் செல் பிளாக்லிஸ்ட்ல (2013) பெர்ஃபெக்ஷனிஸ்ட் போனா மார்க் பண்ணி ஒரே பட்டன்ல சுடுறதும் போயிடும், தலையில மாட்டுற கண்ணாடி சுவர் தாண்டிக் காட்டுறதும் போயிடும். மார்க் ஆஃப் தி நிஞ்சாவுல நியூ கேம் பிளஸ் (ஒருமுறை முடிச்சப்புறம் திறக்குற மறு ஆட்டம்) போனா உங்க நிஞ்சா முகம் பார்க்குற பக்கம் மட்டும்தான் தெரியும், முதுகுப் பக்கம் இருட்டு, சத்தம் எவ்ளோ தூரம் போகும்னு காட்டுற வளையமும் கிடையாது. முதல் தடவையே சுலபமா முடிச்சவன்னு நினைச்சுட்டுப் போய் ரெண்டாவது லெவல்ல அரை மணி நேரம் நின்னேன்.

லெவலை மாத்தினேன் வித்தியாசமே தெரியலன்னா செக்பாயின்ட்டை ரீலோட் பண்ணிப் பாருங்க, சில கேம்ல ஏற்கெனவே நிக்கிற கார்டுங்க பழைய கணக்குலயே இருப்பாங்க.

## எப்போ ஆளைக் கூப்பிடணும்

ஸ்டிக் டிரிஃப்ட் டெட்ஸோனுக்கு அடங்கலைன்னா ரிப்பேர் கடை, வாரண்டி இருந்தா கம்பெனி சர்வீஸ், வாரண்டி இருக்கும்போது திறந்துடாதீங்க. கடையில கேக்கும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போட முடியுமான்னு கேளுங்க, சாதாரண ஸ்டிக்ல உள்ள தகடு உரசித் தேயும், இது காந்தத்துல ஓடுறதால அந்தத் தேய்மானம் கிடையாது, கொஞ்சம் கூடக் கேப்பாங்க.

சேவ் ஃபைல் திறக்கவே இல்லைன்னா, திரும்பத் திரும்ப லோட் அமுக்காதீங்க, புது கேம் ஆரம்பிக்காதீங்க, கிளவுட்ல இருக்குற நல்ல காப்பி மேல கெட்டது ஏறிடும். பிசின்னா நெட்டைப் பிடுங்கிட்டு சேவ் ஃபோல்டரை வேற இடத்துல காப்பி பண்ணி வெச்சிட்டு, கேம் ஃபைல்ஸை வெரிஃபை பண்ணுங்க, அதுக்கும் மசியலைன்னா கேம் கம்பெனி சப்போர்ட்டுக்கு அந்த ஃபைலோட எழுதுங்க. எந்த மிஷன், எந்த லெவல், கடைசியா என்ன பண்ணீங்கன்னு எழுதினாதான் பதில் உருப்படியா வரும், "கேம் வேலை செய்யல"ன்னு மட்டும் எழுதினா ரீஇன்ஸ்டால் பண்ணுங்கன்னு ஒரு வரி வரும், அதை நாமளே சொல்லிக்கலாம்.